பயில்வானின் வலது தோள்

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

பதினோரு தடவை போன் செய்தேன். பதினொன்றாவது தடவை மாப்பிள்ளை எடுத்தார். "அவ தூங்குறா, எழுந்ததும் பேசச் சொல்றேன்" என்றார். பின்னால் நீ யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. சரி, பேச வேண்டாம். படிக்கவாவது செய்வாய் என்று எழுதுகிறேன்.

பிரசவம் ஆன மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் முடித்து உன் கட்டிலுக்கு வந்தேன். அங்கே வேறொரு பெண் படுத்திருந்தாள். அக்கா வேலை பார்க்கிற பிரசவ வார்டு என்று நம்பி, நிறைமாத வயிற்றோடு ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்தவள், போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் இப்போது படித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. இந்தப் பத்தியை விட்டுவிடு.

குழந்தையின் வலது கையைப் பற்றிய விஷயம்தான் முக்கியம். கை உடையவில்லை. எக்ஸ்ரேயை நானே பார்த்தேன். கழுத்துக்குக் கீழே உள்ள காறை எலும்பும் சரியாக இருக்கிறது, மேற்கை எலும்பும் சரியாக இருக்கிறது. கோளாறு நரம்பில். கழுத்திலிருந்து தோளுக்கு வருகிற நரம்பு அடிபட்டிருக்கிறது. அதனால்தான் கை உடம்போடு ஒட்டித் தொங்குகிறது, உள்ளங்கை பின்னால் பார்க்கிறது. விரல்களை மூடித் திறக்கிறான் அல்லவா? அதைப் பிடித்துக்கொள். கீழ் நரம்புகள் பிழைத்திருக்கின்றன என்று அர்த்தம்.

தூக்கும்போது அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்காதே. தலைக்குக் கீழே ஒரு கை, பின்பக்கத்தில் ஒரு கை. சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழை, கழற்றும்போது கடைசியாக எடு. உங்கள் ஊர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. தள்ளிப்போடாமல் கூட்டிப்போ.

அப்பா என்னோடுதான் இருக்கிறார். "ரெண்டு பேருல யாரு சரின்னு என்கிட்ட கேட்காதீங்க, எனக்கு ரெண்டு பேருமே பொண்ணு" என்று சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

வாலு என்று எழுதாதே. அந்தப் பெயரைக் கேட்டு ஓடி வருகிற நிலைமையில் நான் இல்லை.

பிசியோவுக்குப் போய்விட்டோம். நீ சொல்லித்தான் போனோம் என்று நினைக்காதே, அவராகவே விசாரித்து வைத்திருந்தார். பஸ் டிப்போவில் அவரோடு வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவருடைய பிள்ளைக்கு வேறு ஏதோ பிரச்சினைக்கு அங்கேதான் பார்த்தார்கள்.

மடியில் அவனை வைத்துக்கொண்டு ஒரு கையால் எழுதுகிறேன். எழுத்து ஒழுங்காக வராது. போனில் ஏன் பேசவில்லை தெரியுமா? நீ நர்ஸ் குரலில் பேச ஆரம்பித்துவிடுவாய். எல்லாப் பெண்களிடமும் பேசுகிற அந்தக் குரல். பிரசவ மேஜையில் அந்தக் குரலை நான் ரொம்ப நம்பினேன்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். தலை வெளியே வந்துவிட்டது. "தலை வந்துடுச்சு, தள்ளு" என்றாய். தள்ளினேன். அப்புறம் "தள்ளாத, தள்ளாத" என்று கத்தினாய். இரண்டுக்கும் நடுவில் நீ எதுவும் பேசவில்லை. நான் அந்த இடைவெளியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், பால் கொடுக்கும்போதும், அவன் துணியை அலசும்போதும். அந்த நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

நீ அவனை இழுத்தாயா?


மார்ச் 17

தங்கைக்கு,

உன் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் தோள் என்றால் என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும்.

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். சுலபத்தில் நகராது. தோளில் அப்படிக் கிண்ணம் கிடையாது. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் சின்னத் தட்டு மாதிரி ஓர் இடம், அதில் மேற்கை எலும்பின் உருண்டை சாய்ந்து நிற்கிறது. சுற்றிலும் நாலு தசைகள் அதை இழுத்துப் பிடித்திருப்பதால்தான் விழாமல் நிற்கிறது. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது அதனால்தான். நீ மேஜை முழுக்கத் துணியை விரித்து, எட்டி மறுகோடியைப் பிடித்துக் கத்தரி போடுகிறாயே, அந்த எட்டுதலுக்காகத் தோள் தன் உறுதியை விட்டுக்கொடுத்திருக்கிறது.

கழுத்தெலும்புகளுக்கு நடுவிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்படுகின்றன. அவை பின்னிப் பிரிந்து, காறை எலும்புக்கு அடியில் நுழைந்து, அக்குள் வழியாகக் கைக்குப் போகின்றன. மேலே உள்ள இரண்டு வேர்கள் தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும். கீழே உள்ளவை மணிக்கட்டுக்கும் விரலுக்கும். தலை ஒரு பக்கம் போய், தோள் இன்னொரு பக்கம் மாட்டிக்கொண்டால் மேல் வேர்கள் இரண்டும் இழுபடும். வெறுமனே நீண்டிருந்தால் தானாகச் சரியாகும். பாதி அறுந்திருந்தால் வடு கட்டும். வேரோடு பிடுங்கியிருந்தால் திரும்பாது. எது நடந்திருக்கிறது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

மூன்று மாதம் முடியும்போது மேற்கையின் முன்பக்கத் தசையைப் பார்ப்பார்கள். முழங்கையை மடக்கிக் கையை வாய்ப்பக்கம் கொண்டுபோனால் பெரும்பாலும் பயமில்லை. அறுந்த நரம்பு வளர்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளரும்.

உன் பிள்ளை நாலு கிலோ எழுநூறு கிராம். முன்தோள் உன் அடிவயிற்று எலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் வேறு கேஸில் இருந்தார். செய்ய வேண்டியதைச் செய்தேன். கேஸ் ஷீட்டில் எல்லாம் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

மூன்று பக்கம் பாடம் நடத்தியிருக்கிறாய். நான் கேட்டது ஒரு வரி.

எனக்குத் தோள் தெரியாதா? பன்னிரண்டு வருடமாகப் பள்ளிக்கூடச் சட்டை வெட்டுகிறேன். சட்டையில் எல்லாத் தப்பையும் மறைத்துவிடலாம், தோளில் மட்டும் மறைக்க முடியாது. கை நுழைகிற ஆர்ம்ஹோலைக் கால் அங்குலம் இறக்கி வெட்டினால் போதும், போட்ட பிள்ளை கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போது சட்டை முழுக்க மேலே வந்துவிடும். தப்பு என்னுடையது என்றால் கட்டிங் மாஸ்டரிடம் "நான்தான் இறக்கி வெட்டிட்டேன்" என்று சொல்லிவிடுவேன். துணி எத்தனை மடிப்பு, கத்தரிக்குச் சாணை எப்போது பிடித்தது என்று ஆரம்பிக்க மாட்டேன்.

அவருக்குக் கோபம் அடங்கவில்லை. பிறந்த அன்றைக்கு எடையைக் கேட்டுவிட்டு வார்டு முழுக்க "பயில்வான் பொறந்திருக்கான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கூப்பிடவும் முடியவில்லை, மாற்றவும் முடியவில்லை. ஆஸ்பத்திரி மேல் புகார் எழுதப் போகிறேன் என்கிறார். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டார். "உங்க அக்கா பேர எழுதணும், அதான் கை வரமாட்டேங்குது" என்றார் நேற்று.

பயில்வான் சிரிக்கிறான். இடது கையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறான். வலது கை பக்கத்தில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. பிசியோ அம்மா ஒவ்வொரு நாளும் ஆறு தடவை தோளை வெளிப்பக்கம் திருப்பச் சொல்கிறார். திருப்பினால் அழுகிறான். அந்த அம்மா திருப்பும்போது நான் வெளியே போய் நிற்கிறேன். அதற்கு என்னை நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

ஒரு வரி. ஆமாம் அல்லது இல்லை.


ஏப்ரல் 9

தங்கைக்கு,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. டூட்டி ரோஸ்டரின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், கிழித்தேன். இப்போது ஊசி அறையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழுதாமல் எழுந்துவிடுவேன்.

தலை வந்தது. வந்த தலை திரும்பவும் உள்ளே இழுத்துக்கொண்டு உன் மேலேயே ஒட்டி நின்றது. அப்படி நின்றால் தோள் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரியும். அந்த இடத்தில் தலையை இழுக்கக் கூடாது. குரல் கொடுத்து ஆட்களைக் கூப்பிட வேண்டும், தாயின் முழங்காலை மார்புவரை மடக்க வேண்டும், அடிவயிற்று எலும்புக்கு மேலே அழுத்த வேண்டும், அதற்கும் வரவில்லை என்றால் உள்ளே கைவிட்டுக் குழந்தையின் பின்பக்கக் கையைத் தேடி எடுக்க வேண்டும். புதிதாகச் சேருகிற நர்ஸ்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். "இழுக்கணும்னு கை பரபரக்கும். கையைக் கட்டிப்போடு" என்று சொல்வேன்.

என் கையை நான் கட்டிப்போடவில்லை. முகம் நீலமாகிக்கொண்டு வந்தது. அது உன் மூக்கு. பிறந்த பிள்ளை முகத்தில் இவ்வளவு சீக்கிரம் ஜாடை தெரியாது என்பார்கள், எனக்குத் தெரிந்தது. தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழ்ப்பக்கமாக இழுத்தேன். வரவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் திருப்பி இழுத்தேன். அப்போதுதான் "தள்ளாத" என்று கத்தினேன். உன்னிடம் கத்தியதா என்னிடம் கத்தியதா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆயா ஓடி வந்தாள், கால்களை மடக்கினோம், அவள் அழுத்தினாள், நான் பின்கையை எடுத்தேன், வந்துவிட்டான். சுவர்க் கடிகாரப்படி நாலு நிமிடம்.

கேஸ் ஷீட் "உதவிக்கு அழைத்தேன்" என்று தொடங்குகிறது. அதற்கு முன்னால் முப்பது நொடி இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. நீ பார்க்கிற நிலைமையில் இல்லை.

இழுக்காமல் இருந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். சில குழந்தைகளுக்கு ஆகிறது. அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன். சமாதானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாப்பிள்ளை புகார் எழுதினால் இந்தக் கடிதத்தையே இணைக்கட்டும். அடியில் முழுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.


மே 3

தங்கைக்கு,

பதில் வரவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். தபால்காரர் எங்கள் குவார்ட்டர்ஸ் படியேறும்போது அப்பாவே முதலில் எழுந்து போகிறார்.

சூப்பரின்டெண்டிடம் சொல்லிவிட்டேன். கேஸ் ஷீட்டை மேஜையில் வைத்து, விட்டுப்போனது எது என்று காட்டினேன். "இத ஏன் இப்ப சொல்றீங்க சிஸ்டர்? யாருமே கேட்கலையே" என்றார். "கேட்டாங்க சார். என் தங்கச்சி கேட்டா" என்றேன். விசாரணை வைத்திருக்கிறார்கள். அதுவரை பிரசவ வார்டுக்குள் போகக் கூடாது.

கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. போன வியாழன் பக்கத்து மருத்துவக் கல்லூரியின் உடற்கூறுப் பிரிவுக்குப் போனேன். அங்கே பதப்படுத்திய உடல் பாகங்களைப் பார்த்துக்கொள்கிற உதவியாளர் எனக்குப் பழக்கம், அவர் மனைவிக்கு இரண்டு பிரசவம் பார்த்திருக்கிறேன். "தோள் வேணும்" என்றேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. தட்டு ஒன்றை எடுத்து வந்து மூடியைத் திறந்தார். ஒரு பெரிய ஆளின் வலது தோளும் மேற்கையும். தோலை நீக்கி, காறை எலும்பை அறுத்து ஒதுக்கி, நரம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

"இத பிரிக்க மூணு நாள் ஆச்சு சிஸ்டர்" என்றார். "அவசரப்பட்டா கொழுப்போட சேர்ந்து நரம்பும் வந்துரும். வந்துட்டா ஒட்ட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்."

படத்தில் மஞ்சளாக வரைந்திருப்பார்கள். நிஜத்தில் அழுக்கு வெள்ளை. மேல் வேர்கள் இரண்டும் ஒன்றுசேருகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். சணல் கயிற்றின் தடிமன்கூட இல்லை. கையுறை போட்ட விரலால் தொட்டேன். பிறகு, ஏன் என்று தெரியாது, மெல்ல இழுத்துப் பார்த்தேன். அது நீளவில்லை. உன் பிள்ளையினுடையது இதில் கால்வாசிகூட இருக்காது.

உதவியாளர் நாற்காலி எடுத்து வந்து போட்டார். நான் உட்காரவில்லை.

மூன்று மாதம் வரப்போகிறது. முழங்கை மடங்குகிறதா என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

அக்கா


மே 30

அக்கா,

மடங்கவில்லை.

உன் ஏப்ரல் கடிதத்தை அவர் படித்தார். மடித்து மேஜையில் வைத்துவிட்டு டிப்போவுக்குப் போய்விட்டார், அன்றைக்கு அவருக்கு லீவு. சாயங்காலம் கைமுழுக்கக் கிரீஸோடு வந்து, "புகார்ல எழுத ஒண்ணும் மிச்சம் வைக்கல உங்க அக்கா" என்றார். அதற்கு அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குத்தான் இறங்கவில்லை. நீ பொய் சொல்லியிருந்தால் உன்னை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். நிஜத்தைச் சொல்லிவிட்டு என்னை நடுவில் நிறுத்திவிட்டாய்.

நேற்று ஆபரேஷன் டாக்டரிடம் காட்டினோம். கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள், பார்த்தால் தூக்கம் இல்லாத மனுஷராகத் தெரிந்தது. பயில்வானை மேஜையில் படுக்க வைத்து, இடது கையைப் பிடித்துக்கொண்டு முகத்தில் ஒரு துணியைப் போட்டார். மூடினால் துணியை எடுக்க வலது கை வருகிறதா என்று பார்க்கிறாராம். தோள் கொஞ்சம்போல் குலுங்கியது. கை வரவில்லை. தலையை ஆட்டி ஆட்டியே துணியைத் தள்ளிவிட்டான். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, ஆனால் இந்தத் தடவை வெளியே போகவில்லை.

"பொறக்கறப்ப என்ன நடந்துச்சு? அறிக்கை இருக்கா?" என்று கேட்டார். என் பையில் உன் கடிதம் இருந்தது. கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"இது யாரு எழுதினது?"

"எங்க அக்கா. பிரசவம் பார்த்தவங்க."

"இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்ல. எந்தப் பக்கம் இழுபட்டுச்சு, எவ்வளவு நேரம்னு எல்லாம் இருக்கு" என்றார். அப்புறம் சொன்னார்: "நாலு நிமிஷம்மா. இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் ஆகியிருந்தா நாம கையைப் பத்திப் பேசிட்டிருக்க மாட்டோம்."

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். நீ இதைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் அடைந்துவிடுவாய் என்று எரிச்சலாக இருந்தது. நீ அவனை இழுத்தாய். நீதான் அவனை வெளியேயும் எடுத்தாய். இரண்டையும் எனக்கு ஒரே ஆள் செய்திருக்கிறாள். நான் எதை எங்கே வைப்பது?

ஜூன் 19 ஆபரேஷன். கையெழுத்துப் போட்டுவிட்டோம்.


ஜூன் 4

தங்கைக்கு,

ஆறுதல் அடையவில்லை.

நான் வரட்டுமா? உள்ளே வர மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், நீ பார்க்காத பக்கமாக உட்கார்ந்திருப்பேன்.

அக்கா


ஜூன் 9

வராதே. வந்தால் நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு நான் அவனை மட்டும்தான் பார்க்க வேண்டும்.


ஜூன் 27

அக்கா,

ஆறரை மணி நேரம். கழுத்துக்கும் காறை எலும்புக்கும் நடுவில் திறந்திருக்கிறார்கள். வேரோடு பிடுங்கவில்லை. மேல் வேர்கள் இரண்டும் சேருகிற இடத்தில், நீ அந்தத் தட்டில் தேடிப் பார்த்ததாக எழுதினாயே அதே இடத்தில், வடு கட்டி முடிச்சாகியிருந்ததாம். அதை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு கெண்டைக்காலிலிருந்தும் நரம்பு எடுத்து நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறார். கால் நடக்கும், பாதத்தின் வெளி ஓரம் மட்டும் கொஞ்சம் மரத்திருக்குமாம்.

நான் டாக்டரிடம், "எத்தனை தையல் போட்டீங்க? என்ன நூல்?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். சொன்னேன். அதற்கப்புறம் நின்று நிதானமாக விளக்கினார். தலைமுடியைவிட மெல்லிய நூலாம், கண்ணுக்குத் தெரியாதாம். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துத் தைத்து, மேலே பசை மாதிரி ஒன்றும் போட்டாராம். இழுபடாமல் இருக்க ஒட்டைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டுத்தான் தைக்க வேண்டும் என்றார். நாங்களும் சட்டைக் கையை அப்படித்தான் வைப்போம் என்றேன். இருவரும் வராந்தாவில் நின்று தையல் பேசிக்கொண்டிருந்தோம், அவர் குளிக்கக்கூடப் போகவில்லை.

இப்போது தலையிலிருந்து இடுப்புவரை கட்டுப் போட்டிருக்கிறார்கள். கழுத்து அசையக் கூடாது, மூன்று வாரம். கோபத்தில் கத்துகிறான். மடியில் எப்படிப் போட்டாலும் வாய் எட்டவில்லை. பால் கட்டிக்கொண்டு எனக்கும் காய்ச்சல். இங்கே நர்ஸைக் கேட்டால் "புட்டியில குடுங்க" என்கிறாள். அவன் புட்டியைத் துப்புகிறான்.

கட்டுப் போட்ட குழந்தைக்கு எப்படிப் பால் கொடுப்பது? உனக்குத் தெரிந்திருக்கும். உடனே எழுது.


ஜூன் 29

தங்கைக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அவனை மடியில் போடாதே. இரண்டு தலையணை அடுக்கி, அவனை உன் இடது அக்குளுக்குக் கீழே, கால்கள் உன் முதுகுப் பக்கம் நீட்டியிருக்கும்படி வை. பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி. கட்டுப்போட்ட தலை உன் உள்ளங்கைக்கு வரும். நீ முன்னால் குனியாதே, தலையணையை உயர்த்து. அவன் வலது பக்கம் மேலே இருக்கட்டும். கழுத்து மடிப்பில் கட்டுக்குள் பால் இறங்கினால் புண்ணாகும், மெல்லிய துணி ஒன்றைச் செருகி ஒவ்வொரு தடவையும் மாற்று. காய்ச்சல் இரண்டாம் நாளும் இருந்தால் காட்டு.

விசாரணை முடிந்தது. ஒரு வருடம் பிரசவ வார்டு கிடையாது. கேஸ் ஷீட்டில் மறைத்ததற்குக் கண்டனக் கடிதம், அதுவும் சரிதான். தடுப்பூசி அறையில் போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து மாலைவரை கைகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிழவர்கள், ஓட்டுநர்கள். தோள் நுனியிலிருந்து மூன்று விரல் இறக்கி, தசை தடித்திருக்கிற இடத்தில் ஊசி. "சிஸ்டர், வலிக்குமா?" என்று பெரிய பெரிய மீசைக்காரர்கள் கேட்கிறார்கள். அந்தத் தசையைத் தொட்டதும் ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. தூக்குகிறார்கள்.

அக்கா


செப்டம்பர் 21

அக்கா,

நீ சொன்ன மாதிரி வைத்தேன், குடித்தான். அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒன்றும் இல்லை. கழுத்துத் தழும்பிலிருந்து மேற்கைத் தசைவரை டேப்பை வைத்து அளந்தேன், பன்னிரண்டு சென்டிமீட்டர். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று சொன்னாயே, காலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போடுகிறேன். கட்டு பிரித்த நாளிலிருந்து நானேதான் தோளைத் திருப்புகிறேன். இன்னும் அழுகிறான். அழுகிறவனுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே திருப்புகிறேன், எனக்கே நான் ராட்சசி மாதிரித் தெரிகிறேன். கோடுகள் முடிந்த பிறகும் எதுவும் வரவில்லை என்றால்?

வரும் என்று எழுதாதே. தெரிந்ததை எழுது.


செப்டம்பர் 26

தங்கைக்கு,

எனக்குத் தெரியாது.

குழந்தைகளுக்குக் கொஞ்சம் வேகமாகவும் வளரலாம், ஒட்டுப் போட்ட இடத்தைத் தாண்டவே சில வாரங்களும் ஆகலாம். நரம்பு தசையைத் தொட்டாலும் தசை விழிக்க நாள் எடுக்கும். வராமலும் போகலாம். டேப்பை மடித்து வை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நானும் ஒரு நோட்டில் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன், அதனால் எப்படிச் சொல்வது?

திருப்புவதை மட்டும் நிறுத்தாதே. மூட்டு இறுகிப்போனால் நரம்பு வந்து சேரும்போது கதவு பூட்டியிருக்கும். நீ ராட்சசி இல்லை.

அக்கா


டிசம்பர் 14

அக்கா,

போன மாதம் ஒரு நாள், குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கட்டைவிரல் அவன் மேற்கையில் இருந்தது. தோலுக்குக் கீழே என்னவோ நெளிந்தது. ஒரு தடவைதான். நான் அவரிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் போய்விடும் என்று பயம். மறுநாள் இரண்டு தடவை. பத்து நாள் கழித்து பிசியோ அம்மாவின் விரலை அதே இடத்தில் வைத்தேன். அவர் என் தோளைத் தட்டினார்.

நேற்று முன்தினம் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவர் எதிரில் படுத்துக்கொண்டு சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார், டிப்போவில் அடிக்கடி தொலைத்துவிட்டுத் தேடுகிற கொத்து. பயில்வான் இடது கையில் ஏற்கெனவே ரொட்டித் துண்டு. அதை விட மனமில்லை. வலது முழங்கை மடங்கியது அக்கா. முழுசாக இல்லை, பாதி. விரல் சாவியில் மாட்டியது, இழுத்தான். அவர் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும், மறந்துபோய்க் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்பாவும் பிள்ளையும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அழுதார். பயில்வான் சாவி கிடைக்கவில்லை என்று அழுதான்.

டாக்டரிடம் காட்டினோம். முழங்கை நன்றாக வரும் என்றார். தோள் முழுசாக வராது. கையைக் கிடைமட்டம்வரை தூக்குவான், அதற்கு மேல் சந்தேகம். மேல் அலமாரியில் இருப்பதை இடது கையால்தான் எடுக்க வேண்டியிருக்கும். வலது கை ஓரிரண்டு அங்குலம் குட்டையாகவும் இருக்கலாம். நான் அவனுக்குச் சட்டை வெட்டும்போது இரண்டு கைக்கும் இரண்டு அளவு எடுப்பேன். அவ்வளவுதானே.

இப்போது எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம். ஜனவரி முதல் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும், இதற்கு மேல் விடுப்பு கிடையாது. இன்னும் ஆறு மாதம் தோளைத் திருப்பும் பயிற்சி தொடர வேண்டும், ஒரு நாளைக்கு ஆறு தடவை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன். "இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டுக் கதவுக் கைப்பிடியைத் திருகுவது போல் திருப்பினாள். அவள் கையிலிருந்து அவனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவர் அழுகை கேட்டதும் விட்டுவிடுகிறார்.

பயமே இல்லாதவர்களிடம் அந்தத் தோளைக் கொடுக்க எனக்கு மனமில்லை. பயந்து கைவிடுகிறவர்களிடமும் கொடுக்க முடியாது. அது எவ்வளவில் அறும் என்று தெரிந்த ஆள் எனக்கு ஒருத்திதான் இருக்கிறாள். அது நீயாக இருப்பது எனக்கு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை. சில நாள் காலையில் எழும்போது மன்னித்திருப்பேன், அவனுக்குச் சட்டை போடுவதற்குள் போய்விடும்.

உனக்கு எவ்வளவு நாள் விடுப்பு கிடைக்கும்?


டிசம்பர் 19

தங்கைக்கு,

இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார்கள். மீதியை அங்கிருந்து கேட்டுக்கொள்கிறேன். அப்பாவும் வருகிறார், கேட்காமலேயே பெட்டியில் துணி வைத்துவிட்டார்.

முப்பதாம் தேதி காலை பஸ். மாப்பிள்ளை ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், வழி கேட்டு வந்துவிடுவோம். உனக்கு என்மேல் கோபம் வருகிற நாளில் சொல்லிவிடு, நான் ஒன்றும் பேசாமல் பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் வந்தவுடனே அவனைத் தூக்கி என் கையில் கொடுத்துவிடாதே. தரையிலேயே இருக்கட்டும். நான் அவன் எதிரில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவனாகத் தொட்டால் தொடட்டும், எந்தக் கையால் என்றாலும் சரி.

அக்கா